கணீர் என்று நினைத்து எழுதியது

கல்லல்
9-2-1967

மதிப்பிற்குரிய காசிவிஸ்வநாதன் செட்டியார் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சோணையம்மாள். பெயரைச் சொன்னால் தங்களுக்குத் தெரியாது. செவ்வூரணியில் தாங்கள் போனைக் கையில் எடுத்ததும் "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்பவள் நான்தான். பதினான்கு மாதமாகப் பகல் நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் போர்டில் நான்தான் இருக்கிறேன். இருந்தேன் என்று எழுத வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் மேலதிகாரி வந்தார். தேர்தல் நேரம், கட்சிக்காரர்கள் மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார்கள், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது. அந்த நேரத்தில் என்னை எழுந்திருக்கச் சொன்னார். அவர் கையில் தாங்கள் எழுதிய கடிதம் இருந்தது. முழுதும் காட்டவில்லை. ஒரு வரியை மட்டும் வாசித்தார். அதில் 'ஷ்ரில்' என்று ஒரு சொல் வந்தது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. அர்த்தம் கேட்டேன். "கிறீச்சுன்னு கத்துறது. இருபத்து மூணாம் நம்பர் செட்டியாருக்கு உன் குரல் காதைத் துளைக்குதாம்" என்றார். விசாரணை முடியும் வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் தற்காலிக ஊழியை. ஏப்ரல் மாதம் நிரந்தரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஐயா, தங்களிடம் நான் எப்போது கத்தினேன்? ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சென்னையிலிருந்து தங்கள் மகள் பேசுவார்கள். அந்த லைனை நான் ஒருநாளும் தாமதப்படுத்தியதில்லை. என் குரல் அப்படித்தான் என்றால் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். குறைத்துப் பேசியிருப்பேன்.

ஆபரேட்டர்கள் சந்தாதாரர்களுக்குக் கடிதம் எழுதக் கூடாது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பெ. சோணையம்மாள்


உ
சிவமயம்

செவ்வூரணி
13-2-1967

சோணையம்மாள் அவர்களுக்குக் காசிவிஸ்வநாதன் எழுதுவது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் புகார் எழுதவில்லை. பாராட்டு எழுதினேன்.

நான் பத்தொன்பது வயதில் பினாங்கு போனவன். அங்கே துரைமார்களோடு கடிதம் எழுதிப் பழகியே இங்கிலீஷ் கற்றேன். இன்றைக்கும் இந்த ஊரில் யாருக்காவது கவர்மெண்டுக்கு இங்கிலீஷில் எழுத வேண்டியிருந்தால் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். ஒரு சொல்லை நான் பார்க்காமல் போடுவதில்லை. பினாங்கில் வாங்கிய இங்கிலீஷ்–தமிழ் அகராதி இப்போதும் மேஜைமேல் இருக்கிறது. 'ஷ்ரில்' என்ற சொல்லுக்கு நேரே, கணீரென்ற, ஊடுருவிச் செல்லும், உச்சத் தொனியுள்ள என்று அச்சிட்டிருக்கிறது. உங்கள் குரல் கணீரென்றுதானே இருக்கிறது? அதைத்தான் எழுதினேன்.

என் கடிதத்தின் நகல் என்னிடம் உண்டு. தமிழில் சொல்வதானால் இப்படி வரும்: 'தங்கள் பெண் ஆபரேட்டரின் ஷ்ரில்லான குரல் எதையும் துளைத்துக்கொண்டு வருகிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். அவர் விஷயத்தில் தக்கது செய்யுமாறு வேண்டுகிறேன்.' தக்கது என்றால் சம்பள உயர்வோ நற்சான்றோ கொடுப்பார்கள் என்று நினைத்தேன். வேலையிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்று யார் கண்டது?

கோளாறு வாசித்தவரிடம் இருக்கிறது, எழுதியவனிடம் இல்லை. விசாரணையில் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். போதும். நான் மறுபடி எழுதினால் முதலில் எழுதியது தவறு என்று ஆகிவிடும்.

காசிவிஸ்வநாதன்


கல்லல்
20-2-1967

ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பாராட்டத்தான் எழுதினீர்கள் என்று தெரிந்ததில் எனக்குப் பாதிக் கவலை போயிற்று. மீதிப் பாதிக்காக இதை எழுதுகிறேன்.

என்னோடு பள்ளியில் படித்த மீனம்மாள் காரைக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை ரயிலேறி அவளிடம் போனேன். இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய ஒரு பெரிய இங்கிலீஷ் அகராதியை அவள் எடுத்து வைத்தாள். அதில் சொல்லுக்கு அர்த்தம் மட்டும் இல்லை, அந்தச் சொல்லை யார் யார் எந்த இடத்தில் எழுதினார்கள் என்றும் போட்டிருக்கிறது. நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். ரயில் ஊதல் ஷ்ரில். போலீஸ்காரர் விசில் ஷ்ரில். சுவர்க்கோழி ஷ்ரில். சண்டை போடுகிற பெண்ணின் குரல் ஷ்ரில். சபையில் நியாயம் இல்லாமல் கூச்சல் போடுகிறவர்களின் பேச்சும் ஷ்ரில். பெண்களைச் சொல்லும் இடம்தான் அதிகம். நல்லதாகச் சொன்ன இடம் ஒன்றாவது கிடைக்குமா என்று பக்கம் முழுக்க விரல் வைத்துத் தேடினோம். கிடைக்கவில்லை. கோயில் மணிக்கு அந்தச் சொல்லை ஒருவரும் போடவில்லை.

தங்கள் அகராதியில் உள்ள அர்த்தம் பொய் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தமிழம்மா வகுப்பில் சொல்வார்கள், நாற்றம் என்றால் பழைய நூல்களில் நறுமணம் என்று. அதற்காகக் கல்யாணப் பெண்ணிடம் போய் உன் கூந்தல் நாற்றமாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? "பொருள் ஒண்ணு, புழக்கம் ஒண்ணுடி" என்று மீனம்மாள் சொன்னாள். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பதினேழாம் தேதி விசாரணை நடந்தது. தங்கள் கடிதத்தைக் காட்டினேன். "நீயே எழுதி வாங்கிட்டு வந்தியா" என்று கேட்டார்கள். பிறகு, ஒரு சந்தாதாரர் ஆபரேட்டரின் குரலைப் பற்றி எதற்காக மெனக்கெட்டு எழுத வேண்டும் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

ஐயா, எனக்குத் தெரியும். தாங்கள் எதற்காக எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை நான் விசாரணையில் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் அதிகாரிக்கு ஒரு கடிதம், தமிழிலேயே, தாங்கள் எழுத வேண்டும்.

என் அப்பா நான் இந்த வேலைக்குப் போவதை ஆரம்பத்திலிருந்தே விரும்பவில்லை. இப்போது வீட்டில் பேச்சே இல்லை. "முகந்தெரியாத ஆம்பளைக கூடப் பேசுற வேலை வேணாம்னு அன்னைக்கே சொன்னேன். இப்ப கத்துறான்னு பேரு வந்திருச்சு" என்று ஒரு தடவை சொன்னார். அதோடு சரி.

சோணையம்மாள்


உ
சிவமயம்

செவ்வூரணி
24-2-1967

சோணையம்மாள் அவர்களுக்கு,

அதிகாரிக்குத் தமிழில் கடிதம் அனுப்பிவிட்டேன். சொல் தேர்வில் பிழை நேர்ந்துவிட்டது என்றும், குரல் நன்றாகவே இருக்கிறது என்றும், நான் புகார் சொல்லவில்லை என்றும் எழுதினேன். நாலு வரிதான்.

உங்களுக்கு எதுவோ தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எதை நினைத்து எழுதினீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் தெருவில் லைன் எப்போதும் இரைச்சல். அதனால் சில சமயம் எதிர்ப்பக்கம் சொல்வது சரியாக வராது. வேறொன்றும் இல்லை. எனக்குக் காது நன்றாகவே இருக்கிறது.

காசிவிஸ்வநாதன்


கல்லல்
8-3-1967

ஐயா அவர்களுக்கு,

தங்கள் நாலு வரிக் கடிதம் போய்ச் சேர்ந்தது. அதனால் நன்மை வரவில்லை. தாங்கள் நல்ல மனத்தோடு செய்ததுதான், குறை சொல்வதற்காக எழுதவில்லை.

திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டார்கள். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். "முதல்ல குரல் மோசம்கிறார். அப்புறம் நல்லா இருக்குங்கிறார். பாத்திராத பொம்பளையோட குரலை ஒருத்தர் எதுக்கு மெச்சணும்? அவருக்கும் உனக்கும் என்ன பழக்கம்?" என்று கேட்டார் அதிகாரி. அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்தொன்றாம் தேதி உத்தரவு வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கேள்வி கல்லல் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அப்பா நாட்டரசன்கோட்டைக்குப் போய் மாமா மகனைப் பேசிவிட்டு வந்திருக்கிறார். சித்திரையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அவரை எனக்குச் சின்ன வயதில் பார்த்த ஞாபகம்தான். நல்லவர் என்றுதான் சொல்கிறார்கள். வேலைக்கு அனுப்ப மாட்டார்கள்.

தங்களுக்குக் காது நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று நிமிடம் ஆகிவிட்டதா என்று பார்க்க நான் லைனில் நுழைந்தேன். அது எங்கள் வேலைதான். அப்போது தங்கள் மகள், "அப்பச்சி, ஒரு வாரமா ஆஸ்பத்திரியில இருந்தேன். பிள்ளை தங்கல அப்பச்சி" என்று சொன்னார்கள். தாங்கள் "நல்லது, நல்லது, ரொம்ப சந்தோஷம்" என்றீர்கள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தாங்கள் மறுபடியும் சந்தோஷம் என்றீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இணைப்பில் பேசக் கூடாது என்பது விதி. "ஐயா, அப்படிச் சொல்லாதீக. உங்க மகளுக்குப் பிள்ளை தங்கலையாம். ஆஸ்பத்திரியில இருந்திருக்காக" என்று சொன்னேன். அதைத் தாங்கள் ஒரே தடவையில் கேட்டுக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் லைனிலேயே இருந்தேன். மகள் சொல்வதை நான் திருப்பிச் சொல்வேன், தாங்கள் பதில் சொல்வீர்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

இனி எழுத வேண்டாம். தங்கள் கடிதம் வந்தால் தபால்காரர் அப்பா கையில்தான் கொடுக்கிறார்.

சோணையம்மாள்


உ
சிவமயம்

செவ்வூரணி
12-3-1967

அம்மா சோணையம்மாளுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இதை மீனம்மாள் பெயருக்கு அவர் வேலை பார்க்கும் கல்லூரிக்கு அனுப்புகிறேன். மன்னிக்கவும்.

எனக்குக் காது கேட்கவில்லை. இந்த மூன்று சொற்களை நான் எந்த மொழியிலும் இதற்கு முன் எழுதியதில்லை, சொன்னதும் இல்லை.

நாலு வருஷம் ஆகிறது. முதலில் ஆண்களின் குரல்தான் போனது. எதிரே உட்கார்ந்து பேசுபவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். பள்ளிக்கூடக் கமிட்டிக்கு நான் செயலாளர். கூட்டத்தில் மற்றவர்கள் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே பேசி முடித்துவிடுவேன். அதை எல்லோரும் அதிகாரம் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு என் மகள் தேனம்மையின் குரல் போனில் மங்கிப்போனது. அவளிடம் சொன்னால் மறுநாளே வந்து என்னைச் சென்னைக்கு அழைத்துப் போய் மாடி வீட்டில் உட்கார வைத்துவிடுவாள். அதனால் அவள் எது சொன்னாலும் நல்லது, சந்தோஷம் என்று சொல்லப் பழகினேன். அந்த ஆடி மாதம் வரைக்கும் அது பிழைப்பாக இருந்தது.

போனில் எனக்குத் தெளிவாகக் கேட்ட ஒரே குரல் உங்களுடையது. ஏன் என்று தெரியாது. அதை மெச்சி எழுத உட்கார்ந்தபோது, எனக்குக் காது கேட்காது என்று சொல்லாமல் எப்படி மெச்சுவது என்று தெரியவில்லை. அதற்காகத்தான் அகராதியைப் புரட்டினேன். தமிழில் எழுதியிருந்தால் கணீர் என்று ஒரு சொல்லோடு போயிருக்கும். தமிழில் எழுதினால் மனசில் உள்ளதெல்லாம் வந்துவிடும் என்று பயந்து இங்கிலீஷில் எழுதினேன்.

என் மருமகன் ஞானசம்பந்தம் சென்னையில் இங்கிலீஷ் வாத்தியார். அவருக்கு எழுதிக் கேட்டேன். நீங்கள் காரைக்குடியில் பார்த்ததையே அவரும் எழுதியிருக்கிறார். குழந்தையின் சிரிப்புக்குக்கூட அந்தச் சொல்லை யோசித்துத்தான் போட வேண்டுமாம். முப்பது வருஷம் நான் யார் யாருக்கு என்னென்ன எழுதிக்கொடுத்தேனோ என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். நான் அதிகாரியிடம் நேரில் போய் உள்ளதைச் சொன்னால், பழக்கம் என்ன என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஆனால் நீங்கள் லைனில் இருந்ததும் வெளியே வரும். நீங்கள் விசாரணையில் வாய் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று நினைத்தேன். என்ன செய்யட்டும்?

காசிவிஸ்வநாதன்


காரைக்குடி
16-3-1967

ஐயா அவர்களுக்கு,

மீனம்மாள் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போய்ச் சொல்லுங்கள். லைனில் இருந்தேன், பேசினேன், அது நான் செய்தது. அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். கத்தினேன் என்பதும், பழக்கம் என்பதும் நான் செய்யாதது. அவற்றை என் பெயரோடு வைத்துக்கொண்டு நாட்டரசன்கோட்டைக்கு மட்டும் இல்லை, எந்த ஊருக்கும் போக எனக்கு மனமில்லை.

நான் வாய் திறக்காததற்குத் தாங்கள் சொன்ன காரணமும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் அது இரண்டாவது காரணம்.

அதற்கு முன்னால் தங்கள் மகளிடம் சொல்லிவிடுங்கள். அதிகாரிக்குத் தெரிந்த பிறகு அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

சோணையம்மாள்


உ
சிவமயம்

செவ்வூரணி
2-4-1967

அம்மா சோணையம்மாளுக்கு,

உத்தரவு உங்களுக்கு வந்திருக்கும். இருந்தாலும் நடந்ததை நான் சொல்ல வேண்டும்.

தேனம்மைக்கு எழுதினேன். தந்தி கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் வந்து இறங்கினாள். வந்தவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, "எனக்கு அன்னைக்கே தெரியும் அப்பச்சி. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். போனில் இன்னொரு பெண்ணின் குரல் வந்த நாளிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளும் அந்தக் குரலுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசியிருக்கிறாள். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி ஆறு மாதம் பேசியிருக்கிறோம்.

இருபத்தெட்டாம் தேதி அவளும் நானும் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி ஏதோ கேட்டார். அவருக்கு அடர்த்தியான மீசை, ஒன்றும் பிடிபடவில்லை. தேனம்மை சொல்ல வந்தாள். நான் அவளை நிறுத்திவிட்டு, "எனக்குக் காது கேக்காதுங்க. எழுதிக் காட்டுங்க" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி ஒரு தாளை எடுத்து, 'முதலிலேயே ஏன் சொல்லவில்லை?' என்று எழுதினார். வெட்கம் என்று நான் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் அதிகம் எழுதவில்லை. தேனம்மையிடம்தான் பேசினார்.

குரலைப் பற்றிய குறிப்பை அடித்துவிட்டார்கள். லைனில் பேசியதற்கு எச்சரிக்கை உண்டு. செவ்வூரணியில் இனி வைக்க முடியாது, மதுரையில் வெளியூர்க் கால்கள் போகும் டிரங்க் போர்டுக்கு மாற்றுகிறோம் என்று சொன்னார்களாம். என்னால் உங்களுக்கு ஊர் மாறிவிட்டது.

திரும்பும் வழியில் கல்லலில் இறங்கி உங்கள் வீட்டுக்குப் போனோம். நீங்கள் காரைக்குடி போயிருந்தீர்கள். உங்கள் அப்பா கொட்டகையில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். "எனக்கு அரைகுறை இங்கிலீஷு. உங்க மகளைப் புகழ நெனச்சு ஏசி எழுதிட்டேன். தப்பு எம்மேல. அந்தப் புள்ள குரல் இல்லாட்டா எம் மக எனக்கு இல்ல." அவர் என்னைப் பார்க்காமல் வைக்கோலை உதறிக்கொண்டே நிறையப் பேசினார். முகத்தைத் திருப்பிக்கொண்டதால் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. என்ன சொன்னார் என்று தேனம்மையிடம் பிறகு கேட்டேன். மாட்டைப் பற்றிப் பேசினார் என்றாள். கிளம்பும்போது மோர் கொடுத்தார்.

காசிவிஸ்வநாதன்


மதுரை
18-6-1967

ஐயா அவர்களுக்கு,

இங்கே வந்து ஐந்து வாரம் ஆகிறது. பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். போர்டில் வரிசையாகப் பன்னிரண்டு பேர் உட்காருகிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும்போது என் குரல் எனக்கே கேட்பதில்லை. சூபர்வைசரம்மா முதல் நாளே, "கல்லல் பொண்ணு, இன்னும் கொஞ்சம் எடுத்துப் பேசு" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தாங்கள் வீட்டுக்கு வந்ததை அப்பா என்னிடம் சொல்லவே இல்லை. தங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் அம்மாவிடம் கேட்டேன். நாட்டரசன்கோட்டைப் பேச்சைத் தை வரைக்கும் தள்ளிவைத்திருக்கிறார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னை ரயிலேற்ற ஸ்டேஷனுக்கு வந்தார், பெட்டியைத் தூக்கி வைத்தார், வண்டி புறப்படும் முன்பே போய்விட்டார். கடிதம் எழுதினால் அம்மாவிடமிருந்துதான் பதில் வருகிறது. என்னைப் பற்றி ஊரில் வந்த பேச்சு அவர் மனதில் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

தங்கள் மகள் சுகமா? டாக்டரைப் பார்த்தீர்களா? விடுதியில் ஒரு போன் இருக்கிறது. எண்ணை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவசரம் என்றால் யாராவது பேசலாம்.

சோணையம்மாள்


உ
சிவமயம்

செவ்வூரணி
10-7-1967

அம்மா சோணையம்மாளுக்கு,

சென்னையில் டாக்டர் பார்த்தார். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார். தட்டு வைக்கும் சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் கேட்கிறது, பேச்சு மட்டும் சிரமம்தான். கமிட்டியில் செயலாளர் பதவியை விடுகிறேன் என்று எழுதிக்கொடுத்தேன். இருக்கட்டும், ஆனால் இனி மற்றவர்கள் பேசி முடித்த பிறகு நீங்கள் பேசுங்கள் என்றார்கள். இருக்கிறேன். தேனம்மை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதை நிறுத்திவிட்டு, வாரம் ஒரு கடிதம் எழுதுகிறாள். எட்டுப் பக்கம் வருகிறது. போனில் மூன்று நிமிடத்தில் சொல்லாததையெல்லாம் எழுதுகிறாள். என்னைச் சென்னைக்கு வரச் சொல்லி மட்டும் இதுவரை எழுதவில்லை.

நேற்று ஒன்று நடந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

காலை பத்து மணி இருக்கும். உங்கள் அப்பா வாசலில் வந்து நின்றார். சந்தைக்கு வந்தவர் போல் தெரிந்தது, ஆனால் கையில் ஒன்றும் இல்லை. உள்ளே வரச் சொன்னேன். உட்காரவில்லை. சுவரில் இருந்த போனைக் காட்டி, பிறகு என் முகத்துக்கு நேரே வந்து மெதுவாக, "மதுரைக்குப் பேச முடியுமாய்யா" என்று கேட்டார். எனக்குப் புரியும்படி நின்று கேட்டார். அன்றைக்குத் தேனம்மை எப்படி என்னிடம் பேசினாள் என்பதைக் கவனித்திருக்கிறார்.

விடுதி எண்ணைக் கொடுத்து டிரங்க் கால் பதிந்தேன். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மணி அடித்ததும் எழுந்து, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பேசவே இல்லை. லைன் இல்லையோ என்று நான் பயந்தேன். கையைக் காட்டி என்னை விலகச் சொன்னார். பிறகு ஒரு தடவை என்னவோ சொன்னார். அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரே ஒரு சொல் சொன்னார். ஆறு நிமிடம் கழித்து ரிசீவரை வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்தில் நின்ற எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் சொன்னது எனக்குச் சொல்லக்கூடியதாக இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

காசிவிஸ்வநாதன்


மதுரை
14-7-1967

ஐயா அவர்களுக்கு,

செவ்வூரணியிலிருந்து கால் என்றதும் தாங்கள்தான் என்று நினைத்து ஓடினேன். "ஹலோ" என்றேன். பதில் இல்லை. நாலு தடவை சொன்னேன். மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது. அந்த மூச்சை எனக்குத் தெரியும். அப்பா மண்வெட்டியை வைத்துவிட்டு உட்காரும்போது அப்படித்தான் மூச்சு வாங்குவார்.

"அப்பா, கேக்குது. பேசுங்க" என்றேன்.

அவர், "எனக்குப் பேசத் தெரியாது தாயி. நீ பேசு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

பேசினேன். விடுதிச் சாப்பாட்டைச் சொன்னேன். பன்னிரண்டு பேர் உட்காரும் போர்டைச் சொன்னேன், ஒரே நேரத்தில் எத்தனை ஊர்கள் என் கை வழியாகப் பேசிக்கொள்கின்றன என்று சொன்னேன். வீட்டில் இருபத்து மூன்று வருஷத்தில் அவரிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. மூன்று நிமிடம் முடிந்ததும் அங்கே என் இடத்தில் இப்போது இருக்கிற பெண் லைனில் வந்து, இன்னும் மூன்று நிமிடம் வேண்டுமா என்று கேட்டாள். நான் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்பா எனக்கு முன்னால் சொல்லிவிட்டார். "வேணும்" என்றார்.

சோணையம்மாள்